தனி லைன்

"கோட்டை மிதிக்காதடி. தாண்டி வா," என்று காசி மனைவியை அதட்டினார்.

பாஞ்சாலை தாண்டினாள். கையில் அண்ணாமலையார் படம். பூஜை அறைக்குள் தூசி போய்விடும் என்பதால் சாமிகளை இடம் மாற்றும் வேலை காலையிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. பிள்ளையாரும் முருகனும் ஏற்கெனவே பிரிட்ஜின் மேல் குடியேறியிருந்தார்கள். அம்மனுக்கு வாஷிங் மெஷின் ஒதுக்கப்பட்டிருந்தது.

கோடு என்பது ஹால் தரையில் காசி சாக்பீஸால் இழுத்த கோடு. பின்சுவரில் தொடங்கி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நுழைந்து, பூஜை அறை வாசலை உரசிக்கொண்டு, டிவிக்கு முன்னால் போய், வாசல்படியைக் கடந்து, கார் நிற்கும் இடத்தில் முடிந்தது. வேங்கிக்காலில் புதிதாக மனை பிரித்த இடத்தில் கட்டிய புது வீடு அது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னதோடு விடாமல், காலையும் துடைத்துவிட்டு வரச்சொன்ன டைல்ஸ். அதன்மேல் பிளம்பர் வல்லரசு இப்போது பிரேக்கர் மெஷினை ஊன்றிக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தான்.

மருமகள் சிந்துஜா மாடியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தாள். ஏழாம் மாதம். வேலைக்குக் கிளம்பியிருந்தாள், தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ். கடைசிப் படியில் நின்று கோட்டைப் பார்த்தாள்.

"எதுக்கு மாமா ஹாலை உடைக்கிறீங்க?"

ஹாலில் இருந்த மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பக்கம் பார்த்தார்கள்.

"உனக்குத்தாம்மா," என்றார் காசி கடைசியில். "மாசமா இருக்கிற பொண்ணு இருக்கிற மாடிக்குத் தனி டிரெய்னேஜ் லைன் இருக்கணும்னு வாஸ்துல சொல்லியிருக்குது. மேல் பாத்ரூமுக்குத் தனி பைப்பு, தனி டேங்கு. வளைகாப்புக்குள்ள முடிச்சிடலாம்."

"எனக்காகவா?" என்றாள் சிந்துஜா. அவளுக்குக் கண் லேசாகக் கலங்கியது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவளுக்காக நகர்ந்த முதல் பொருள் இந்த டைல்ஸ்தான். போகும்போது ஆட்டோவில் அம்மாவுக்குப் போன் செய்து அதைச் சொல்லவும் செய்தாள்.

அவள் தலை மறைந்ததும் வல்லரசு தொண்டையைச் செருமினான்.

"சார், கடைசியா ஒருவாட்டி கேட்டுக்கிறேன். மேல் பாத்ரூம் பைப்பு இப்ப பின்சுவத்துல எறங்கி, கீழ் பாத்ரூம் லைனோட சேந்து, பின்னால டேங்குக்குப் போவுது. கண்ணுக்கும் தெரியல, மூக்குக்கும் தெரியல. தனியா போவணும்னா பின்னால எடமே இல்ல, முன்னாலதான் டேங்கு வெட்டணும். அப்ப பைப்பு வீட்டுக்குள்ள நடு ஹால்ல வருது. சாமி ரூம் வாசல்ல போவுது."

"தெரியும்."

"நீங்க சோறு துன்ற டேபிளுக்கு நேர் கீழ போவுது சார்."

"போவட்டும்யா. தனியா போவணும், அதான் முக்கியம். போடு சுவிட்சை."

வீட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்த ஒன்றை வீட்டு நடுவில், சாப்பாட்டுக்கும் சாமிக்கும் அடியில் கொண்டுவந்து தள்ளிவைப்பது என்ற இந்தத் திட்டத்தில் காசிக்கு எந்த முரணும் தெரியவில்லை. தள்ளிவைப்பது என்று முடிவான பிறகு எங்கே வைப்பது என்பதெல்லாம் சின்ன விஷயம்.

காசி ஜாதி பார்ப்பவர் அல்ல. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஜனவரியிலும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியை வாசிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. கடைசி வரியில் ஒரு சின்ன நடுக்கம் கொடுப்பார். ஒரு வருடம் டைப்பிஸ்ட் அம்மா அழுதே விட்டார். மகன் மாறன் சிந்துஜாவைக் காதலித்தபோதும் அவர் பெருந்தன்மையாகத்தான் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதை ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொன்னார். அதனால், ஒப்புக்கொள்ள வேண்டிய அளவுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பது தெரியாத ஆளே அந்தப் பக்கத்தில் இல்லாமல் போயிற்று.

மாறன் அப்பாவின் பிள்ளை. கல்லூரியில் சமத்துவம் பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கியவன். பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். சிந்துஜாவின் அம்மா உண்ணாமலை வீட்டுக்கு வரும்போதெல்லாம் காபி அந்த டம்ளரில்தான் வரும். பரிசு டம்ளர் என்பதால் தனி மரியாதை என்று மாறன் அதற்கு விளக்கம் வைத்திருந்தான்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போதும் காசி வல்லரசுவிடம் ஜாதி கேட்கவில்லை. "எந்தத் தெருப்பா நீ?" என்று மட்டும் கேட்டார். "பெரிய தெரு சார்," என்றான் அவன். காசிக்குத் திருப்தி. காலனியிலும் ஒரு பெரிய தெரு உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை.

காங்கிரீட் லேசில் விடவில்லை. நின்று காசியே போடவைத்த காங்கிரீட். இரண்டாம் நாளும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. டைல்ஸ் சில்லு சில்லாகப் பறந்தது. சிந்துஜாவுக்கு அன்று விடுமுறை. மாடியில் இருக்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கினாள். ஹாலில் காசி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவருடைய அக்கா திரௌபதி.

"அக்கா! கேக்குதா? மெஷின் ஓடுது! ஆமா, தனி லைன்! தனி டேங்க்! நீ தைரியமா வந்து தங்கு! வளைகாப்புக்கு அவங்க ஆளுங்க வந்தா மேலயே போயிக்குவாங்க! நீ கீழ! கரெக்ட்டுக்கா, நீ சொன்னா மாதிரியேதான்! அவங்க போறதும் நாம போறதும்..."

கரண்ட் போனது.

"...ஒண்ணா கலக்கக் கூடாதில்ல!"

மெஷின் இல்லாத ஹாலில் அந்தக் குரல் தடையே இல்லாமல் சுற்றியது. பழைய உறுதிமொழிக் குரல். கடைசி வரியில் நடுக்கம் மட்டும் இல்லை. "கலக்கக் கூடாது, கலக்கவே கூடாது," என்று போனுக்குள்ளிருந்து திரௌபதி ஆமோதிப்பதும் எல்லோருக்கும் கேட்டது.

காசி திரும்பினார். படியில் மருமகள். பள்ளத்துக்குள் வல்லரசு. சமையலறை வாசலில் பாஞ்சாலை.

"வாஸ்துதாம்மா..." என்றார். "வாஸ்துலதான் அப்படி இருக்குது."

"சரிங்க மாமா," என்றாள் சிந்துஜா. வந்த படியிலேயே ஏறிப் போனாள்.

சாயங்காலம் மாறன் வந்ததும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டான்.

"பைப்புதான சிந்து. விடு. பெரியவங்க, பழைய ஆளுங்க."

"பைப்புதான். நீ எந்தப் பைப்பு?"

"என்ன?"

"நீயும் மேலதான போற. உன்னுது எந்த டேங்குல சேத்தி?"

கொடுத்த தலைப்பில் உடனே பேசும் போட்டிகளில் மாறனை யாரும் ஜெயித்ததில்லை. அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் பதில் மறுநாள் காலையில் வந்தது. பல் தேய்க்கும் பிரஷும் துண்டுமாகக் கீழே இறங்கினான்.

"மேல தண்ணி கம்மியா வருது," என்றான் போகிறபோக்கில். முந்தின சாயங்காலம் அப்பா அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதை அவன் சொல்லவில்லை.

சிந்துஜா குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் பளிச்சென்று கொட்டியது.

அவள் தனியார் பரிசோதனை நிலையம் ஒன்றில் லேப் டெக்னீஷியன். ஊரின் சிறுநீரும் மலமும் சின்னச் சின்ன டப்பாக்களில் தினமும் அவள் மேஜைக்குத்தான் வரும். காசியினுடையதும் வந்திருக்கிறது. டப்பாவில் பெயர் இருக்கும், வயது இருக்கும், தெரு கேட்டதில்லை. அன்று அந்த டப்பாக்களுக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே உதைக்கும் பிள்ளையைப் பற்றி யோசித்தாள். அதற்குக் காசி தாத்தா, உண்ணாமலை பாட்டி. அந்த வீட்டில் பிறந்து வளரப்போகிற அது கீழேயா, மேலேயா? தனக்கு ஒரு பைப் போட்டதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். அது பிறக்கும் முன்பே அதற்கும் சேர்த்துப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள் என்பதுதான் தொண்டையில் நின்றது.

அடுத்த வாரம் காசியும் மாறனும் திரௌபதியை முறையாக அழைக்கக் காரில் செங்கம் கிளம்பினார்கள். பள்ளத்தில் பைப் படுத்திருந்தது. தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்தாயிற்று. மதியம் காங்கிரீட் போட்டு மூட வேண்டியதுதான். சிந்துஜா அன்று லீவு போட்டிருந்தாள்.

"வல்லரசு அண்ணா, ஒரு டீ போடணும்."

"போடுங்க மேடம். சக்கரை ஜாஸ்தியா."

"அந்த டீ இல்லண்ணா. பைப்புல போடற டீ. கீழ் பாத்ரூம் லைனையும் கொண்டாந்து இதுல சேத்துடுங்க. பின்னால போறதை அடைச்சிடுங்க."

வல்லரசு சிமெண்ட் கரண்டியைக் கீழே வைத்தான். பள்ளத்துக்குள்ளிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"சாருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாரு."

"தெரியத்தான் போவுது. நானே சொல்லுவேன். மூடினப்புறம் சொல்லுவேன்."

"எல்லாம் ஒண்ணாயிடுமே மேடம்," என்றான் அவன், முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு. "வாஸ்து என்னாவறது?"

பிறகு அவனே கிண்டலை விட்டான்.

"அன்னிக்குக் கரண்ட் போனப்ப நானும் இங்கதான் நின்னுனு இருந்தேன்," என்றான். பையைத் துழாவி மூன்று வாய் உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்தான். "நாலு இஞ்ச். பையிலயே கீது."

அப்போதுதான் இருவரும் பாஞ்சாலையைப் பார்த்தார்கள். சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"அத்தை..." என்றாள் சிந்துஜா.

பாஞ்சாலை புதுப்பெண்ணாக இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது, மாதத்தில் மூன்று நாள் அவளுக்கு மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. கிணற்றடிக்குப் போகக்கூடத் தனி வழி. வழியைக் காட்டியவள் நாத்தனார் திரௌபதி. தாகம் எடுத்தால் கூப்பிட வேண்டும். திரௌபதிக்கு நேரம் கிடைக்கும்போது மேலிருந்து ஊற்றுவாள். அப்போது அதற்கு வாஸ்து என்று பெயர் வைக்கவில்லை. பெயரே வைக்கவில்லை.

பாஞ்சாலை பள்ளத்தைப் பார்த்தாள். வல்லரசு கையிலிருந்த மூன்று வாயைப் பார்த்தாள்.

"சீக்கிரம் மூடுப்பா," என்றாள். "மூணு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க. வீடெல்லாம் ஒரே தூசி."

காசி வந்தபோது காங்கிரீட் ஈரமாகப் பளபளத்தது. சுற்றி நடந்து பார்த்தார். திருப்தி.

"நான் இல்லாதப்ப ஒழுங்கா வேலை நடந்துச்சா? இன்னா பண்ணாங்க?"

"டீ போட்டாங்க," என்றாள் பாஞ்சாலை.

"எனக்கு இல்லியா?"

"ஒண்ணுதான் போட்டாங்க. எல்லாருக்கும் வரும்."

மனைவிக்கு வயதாகிவிட்டது என்று காசி நினைத்துக்கொண்டார்.

வளைகாப்புக்கு முந்தின நாளே திரௌபதி வந்து இறங்கினாள். முதல் வேலையாகப் புது டைல்ஸ் பட்டையைப் பார்த்தாள். பழையதோடு நிறம் சேரவில்லை. ஹால் நடுவில் பின்சுவரிலிருந்து வாசல்வரை ஒரு தழும்பு மாதிரி ஓடியது. "பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்தாலும் மனசுக்கு நிம்மதியா இருக்குது தம்பி," என்றாள். கீழ் பாத்ரூமுக்கு நிம்மதியாகப் போனாள், நிம்மதியாக வந்தாள். ராத்திரி புளிக்குழம்பு ஒத்துக்கொள்ளாததால் அடிக்கடி நிம்மதியானாள்.

மறுநாள் ஹால் நிறைந்துவிட்டது. காசியின் ஆட்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு பக்கம், சிந்துஜாவின் ஆட்கள் ஜமுக்காளத்தில் ஒரு பக்கம். நாற்காலி பற்றவில்லை என்று காசி வருத்தம் தெரிவித்தார். எந்தப் பக்கம் பற்றவில்லை என்பது மட்டும் தானாக அமைந்துவிட்டது. நடு மனையில் பட்டுப் புடவையும் கன்னத்தில் சந்தனமுமாகச் சிந்துஜா. ஒவ்வொருத்தியாக வந்து குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, கண்ணாடி வளையல் போட்டார்கள்.

உண்ணாமலை ஜமுக்காளத்திலிருந்து கையை ஊன்றி எழுந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முட்டி இரண்டும் போய்விட்டது.

"அண்ணா, பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"மேல," என்றார் காசி. கீழ் பாத்ரூம் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னார். "உங்களுக்குன்னே மேல தனியா வசதி பண்ணியிருக்கோம்."

"தனி லைன்," என்று திரௌபதி நாற்காலியிலிருந்து விளக்கினாள். "தம்பி பாத்துப் பாத்துப் பண்ணியிருக்கான்."

உண்ணாமலை படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள். "சரிங்கண்ணா," என்றாள். கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, மறு காலை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அடுத்த படிக்கு மூச்சு வாங்கினாள்.

"அம்மா," என்றாள் சிந்துஜா. "எறங்கு. கீழயே போ."

"இல்லம்மா," காசி கையைக் குறுக்கே நீட்டினார். "வாஸ்து..."

"வாஸ்து இல்ல மாமா. ஜாதி."

பன்னீர் சொம்பு ஒருத்தியின் கையில் அப்படியே நின்றது.

"நீங்க சொல்ல மாட்டேங்கிறீங்க, அதான் நானே சொல்லிட்டேன்," என்றாள் சிந்துஜா. குரல் உயரவில்லை. "மேல் லைனையும் கீழ் லைனையும் சேத்தாச்சு. நீங்க செங்கம் போன அன்னிக்கு நான்தான் சேக்கச் சொன்னேன். நேத்துலருந்து பெரியத்தை போனது, நான் போனது, எல்லாம் முன்னால ஒரே டேங்குலதான் இருக்குது."

"அட கடவுளே," என்றாள் திரௌபதி.

"பொறக்கப்போறது எந்த டேங்குன்னு யோசிச்சேன் மாமா. அதுக்கு ரெண்டு பக்கமும் தாத்தா பாட்டி இருக்காங்க. பாதி இங்க, பாதி அங்கன்னு பிரிச்சு விடற பைப்பு கடையில விக்கல. அதான் ஒண்ணாக்கிட்டேன்."

காசியின் முகத்தில் ரத்தம் ஏறியது. "பொய்! நானே நின்னு போட்ட லைனு. டேய் மாறா!"

மாறன் இரண்டு பக்கமும் பார்த்தான். நாற்காலிகள் அவனைப் பார்த்தன, ஜமுக்காளம் பார்த்தது, மனைவி மட்டும் பார்க்கவில்லை. "பைப்புதானப்பா," என்றான். "விடுங்க." அவன் வாழ்க்கையில் பேசிய மிகத் துணிச்சலான பேச்சு அதுதான். பரிசு கொடுக்க யாரும் இல்லை.

காசி மனைவி பக்கம் திரும்பினார். "ஏய், உனக்குத் தெரியுமா இது?"

"அன்னிக்கே சொன்னனே, டீ போட்டாங்கன்னு," என்றாள் பாஞ்சாலை.

"நாளைக்கே இந்தத் தரையை ஒடைச்சுப் பாக்கறேன்!"

"பாருங்கண்ணா," என்றாள் உண்ணாமலை, ஏறிய ஒற்றைப் படியிலிருந்து பத்திரமாக இறங்கி. "அதுக்குள்ள நான் போயிட்டு வந்துடறேன்."

நீட்டியிருந்த காசியின் கையைத் தாண்ட அவள் குனியக்கூட இல்லை. பக்கத்தில் வந்ததும், பட்டுவிடக் கூடாது என்று அந்தக் கையே பின்வாங்கிக்கொண்டது. அவ்வளவு வருடப் பழக்கம். கதவு சாத்திக்கொண்டது.

ஹாலில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய லைன் என்றால் சத்தம் பின்பக்கம் போக வேண்டும்.

உள்ளே ஃபிளஷ் தண்ணீர் இழுத்தது. முதலில் சுவருக்குள் ஒரு கொப்பளிப்பு. பிறகு அது பின்பக்கம் போகாமல் தரைக்கு அடியில் திரும்பியது. சாப்பாட்டு மேஜைக்குக் கீழே கடகடவென்று வந்தது. பூஜை அறை வாசலைத் தாண்டியது. புது டைல்ஸ் பட்டை வழியாக, நாற்காலிகளுக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவில், நிதானமாக வாசலை நோக்கிப் போனது.

திரௌபதியின் நாற்காலி சரியாகப் பட்டையின் மேல் இருந்தது. சத்தம் அடியில் வந்தபோது அவள் இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கினாள். சத்தம் போன பிறகும் இறக்கவில்லை. புடவையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வெள்ளம் வந்த வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருப்பவள் போல அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மனையிலிருந்து சிந்துஜா வெறுமையாக இருந்த இடது கையை நீட்டினாள்.

பாஞ்சாலை வளையல் தட்டை எடுத்துக்கொண்டு நாத்தனாருக்கு முன்னால் போய் நின்றாள்.

"காலைக் கீழ வெய்யுங்க அண்ணி," என்றாள். "அடுத்து உங்க முறை."